நாலாயிரம் பேர் ஏறிய பேருந்து

மென்பொருள் வேலைக்கு வருமுன் யோகேஸ்வரி பதினான்கு ஆண்டுகள் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். பழுதான மின்சுற்றுப் பலகைகளைப் பொறுக்கி, ‘இடது மூலை, மூன்றாவது கால், ஈயம் ஒட்டவில்லை’ என்று சீட்டு ஒட்டுவது அவள் வேலை. ‘பழுது’ என்று மட்டும் எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மாலை வகுப்பில் படித்து, முப்பத்தொன்பதாம் வயதில் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே பேருந்துச் சீட்டு பதிவு செய்யும் செயலி தயாராகிக்கொண்டிருந்தது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதியவன் மூத்த நிரலாளன் விஜயேந்திரன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ‘சோதனை ஒன்று’, ‘சோதனை இரண்டு’, ‘இதுவும் சரி’ என்று பெயர்கள். எல்லாம் ‘தேறியது’ என்று பச்சை காட்டும். அலுவலகத்துக்கு யார் வந்தாலும் அந்தப் பச்சையைக் காட்டாமல் அனுப்பமாட்டான்.

ஒரு காலையில் யோகேஸ்வரி தன் கணினியில் இருந்த செயலியின் நகலில் கைவைத்தாள்.

“தம்பி, ஒரு பஸ்ல எத்தன பேரு ஏறலாம்?”

“நாப்பத்தி நாலு. ஏன்கா?”

“நான் நாலாயிரம்னு மாத்திட்டேன். உங்க டெஸ்ட் எல்லாரயும் ஏத்திருச்சிலா.”

திரை முழுக்கப் பச்சை. அடுத்து, கிளம்பும் முன்பே பேருந்து ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போய்ச் சேரும்படி செய்தாள். பச்சை. பயணிகள் அத்தனை பேருக்கும் விஜயேந்திரன் என்றே பெயர் வைத்தாள். அதற்கும் பச்சை.

“அலமாக்,” என்று தலையில் அடித்துக்கொண்டான் விஜயேந்திரன். ஏதோ ஒரு பதில் வந்தால் போதும் என்றுதான் அவனுடைய சோதனைகள் பார்த்தன. சரியான பதிலா என்று பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அவள் எழுதிய முதல் சோதனையின் பெயர்: ‘நிறைந்த பேருந்தில் நாற்பத்தைந்தாம் ஆளுக்குச் சீட்டு கிடைக்காது’.

“பேரு ரொம்ப நீளம்கா.”

“இருக்கட்டும். செவப்பு வந்தா எது ஒடஞ்சிருக்குன்னு பேரே சொல்லிரும்.”

மூன்றாம் நாள் அவள் எழுதிய ஒரு சோதனையில் சிவப்பு வந்தது. கடைசி இருக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்டால் இருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது செயலி. இதை யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. ஆரம்பத்திலிருந்தே இருந்த பிழை. தீபாவளிக் கூட்டத்துக்கு முன் சரிசெய்தார்கள்.

அடுத்த வாரம் விஜயேந்திரன் அவள் நகலில் கைவைத்தான். ரத்து செய்த இருக்கை மறுபடி விற்பனைக்கு வராதபடி மாற்றினான். அவளுடைய சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின.

யோகேஸ்வரி திரையையே பார்த்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

“சரி, ஒக்காருங்க,” என்றாள். “இதப் பிடிக்கிற டெஸ்ட்டுக்கு நீங்க பேரு வைங்க. நீளமா.”