மூணுபல்லி வேலுத்தாய்

வேலுத்தாயின் மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்கும் நடுவே, நெல்மணி அளவில் மூன்றாவதாக ஒரு பல் முளைத்திருந்தது. ஆமத்தூரில் அவளுக்கு மூணுபல்லி என்றே பெயர். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்க அவளை விஞ்ச ஆள் கிடையாது. அதை ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். பல்லைத்தான் சொல்வார்கள்.

அதுகூடப் போகட்டும். கூடுதல் பல் தாய்மாமனுக்கு ஆகாது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். தாய்மாமன் சீனிச்சாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் சுந்தரபாண்டியும் இவளும் ஒருவரை ஒருவர் நினைத்து மூன்று வருடமாகக் காத்திருந்தார்கள்.

"அந்தப் பல்லு என் வாசப்படி ஏறுனா என்னையத் தூக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டார் மனுஷன். அவள் பிறந்து இருபத்திரண்டு வருடமாகக் குத்துக்கல்லாட்டம் இருந்துகொண்டேதான் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபத்தொன்றாம் வருடக் கோடையில், கண்ணுச்சாமி புஞ்சையில் கிணறு வெட்டப் போனார் சீனிச்சாமி. ஆறடி ஆழத்தில் இரண்டு எலும்புக்கூடுகள், அருகருகே. கூடவே பாண்டியர் காலத்துக் காசு ஒன்று. விருதுநகரிலிருந்து கல்லூரி வாத்தியார் வந்து பார்த்தார். எழுநூறு வருடமாவது இருக்கும் என்றார். ஒரு மண்டையோட்டைத் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்பல் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பல்.

வேடிக்கை பார்த்த கூட்டம் மொத்தமும் வேலுத்தாயின் வாயைத் திரும்பிப் பார்த்தது.

சீனிச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், இவரோட தாய்மாமன் எந்த வயசுல போனாகன்னு சொல்ல முடியுமா?"

"எலும்பைப் பாத்து அதெப்படிய்யா சொல்றது?" வாத்தியார் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "இவர் நடுவயசு ஆள். பக்கத்துல இருக்கிறவர் நல்ல கிழவர். பல் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் விழுந்து, தாடையில பல்லுக்குழியே மூடிப்போச்சு."

வேலுத்தாய்க்குப் பொறுமை போய்விட்டது. பள்ளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"மாமா, அந்தக் கிழவருதான் தாய்மாமன். மருமகனப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, பல்லு அம்புட்டும் கொட்டுற வரைக்கும் இருந்திருக்காக. ஒங்களுக்கு இன்னும் எம்புட்டுப் பல்லு இருக்கு?"

வாத்தியார் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

சீனிச்சாமி நாக்கால் வாய்க்குள் ஒரு சுற்றுத் துழாவினார். நிதானமாகத்தான் எண்ணினார்.

"இருபத்தெட்டு" என்றார். பிறகு கூட்டத்தில் மகனைத் தேடிப் பிடித்து, "ஏலே, ஆவணியில நாள் பாக்கச் சொல்லுலே" என்றார்.