தப்புப் பக்கம் சாய்ந்த வெட்டு

2024 ஜூலை 20, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாரத்துக்கான ஐந்து ரவிக்கைகளையும் இஸ்திரி போட்டு முடித்தபோது எட்டு நாற்பது. பத்து மணிக்குப் புந்தோங் சந்தை. மதியம் ரசம், நெத்திலிப் பொரியல். இரண்டு மணிக்கு என் தோழிகள் இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

நாங்கள் மூவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒருத்தி, அங்கே மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தரின் மகள். இப்போது கணவரோடு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். இன்னொருத்தி பதினைந்து வயதிலிருந்து பதினோரு வருடம் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கியவள். தோட்டம் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறிய பிறகு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். நான் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. பட்டை கீறும் உளியைக் கையால் தொட்டதில்லை.

போன நவம்பரில் மரம் வெட்டியவளுக்கு லேசான பக்கவாதம் வந்தது. வலது கைக்கு அசைவு திரும்பிவிட்டது. ஆனால் மறதி பயம் மட்டும் அவளை விடவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பாள். கைக்கும் மூளைக்கும் சேர்த்து வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் ஊரில் இருக்கும் ஒரு சவால் கூடத்துக்குப் போனோம். பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்து, அறை அறையாக விளையாட்டு வைத்திருக்கிறார்கள். ஓடவேண்டும், ஏறவேண்டும், யோசிக்கவும் வேண்டும்.

முதல் அறையில் கயிற்று வலை. பாதி ஏறியதும் கடைக்காரி மாட்டிக்கொண்டாள்.

"தள்ளுங்கடி! அடியில நின்னு சிரிக்காதீங்க!"

"சொந்தக் கடை ரொட்டிய நீயே தின்னா இப்படித்தான் லா," என்றாள் மற்றவள். அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மூன்றாவது அறையின் கதவில் 'ரப்பர் தோட்டம்' என்று எழுதியிருந்தது. அவள் முகம் மாறியது.

"இத நான் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் ஓரமா நில்லுங்க."

உள்ளே விடியற்காலை போல மங்கலான வெளிச்சம். ஆறு பிளாஸ்டிக் மரங்கள். ஒவ்வொன்றிலும் வெட்டுக்கோடு மூன்று வினாடி மின்னி அணைந்துவிடும். அதை நினைவில் வைத்து, முனை மழுங்கிய உளியால் இருட்டில் அதே கோட்டைப் பிசகாமல் இழுக்கவேண்டும். சரியாக இழுத்தால் கீழே தொங்கும், பால் பிடிக்கும் மங்கில் வெள்ளை விளக்கு எரியும். தப்பினால் சிவப்பு.

அவள் காலை அகட்டி நின்று இழுத்தாள். அப்படி ஒரு இழுப்பை அவளிடம் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சிவப்பு. அடுத்த மரம், சிவப்பு. ஆறு மரத்திலும் சிவப்பு. பிறகு நான் பார்த்ததைப் பார்த்தபடி இழுத்தேன். முதல் மரத்திலேயே வெள்ளை எரிந்தது.

நான் செய்த தவறை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். "கோட்ட சரியாப் பாரு, மறந்துடுற," என்று அவளிடமே சொன்னேன்.

கதவைத் திறந்து மேற்பார்வையாளர் வந்தார், நாற்பது வயதிருக்கும். "என்னாக்கா, ரப்பர் மரத்தையே பாத்ததில்லையா? ஆறுக்கு ஆறும் மிஸ்ஸு!" என்று சிரித்தார்.

 அவள் உளியைக் கீழே வைத்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அப்போது அறையின் விளக்குகள் எரிந்தன. மரங்களில் பதித்திருந்த வெட்டுக்கோடுகளை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். ஆறும் வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் கீழே இறங்கின. அவள் கையோ ஆறு முறையும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கியது.

"வெட்டு எந்தப் பக்கம் சாயும்னு யாரைக் கேட்டு இத செஞ்சீங்க?" என்றேன்.

"கம்பெனி செஞ்சது. எந்தப் பக்கம் சாஞ்சா என்னாக்கா? கேம்தானே லா."

"அவ பதினோரு வருசம் வெட்டுனவ."

"இருக்கட்டும். மரத்துல மின்னுறதத்தானே செய்யணும்?"

 இந்த ஊர் எங்கும் மரம் வெட்டிய கைகள் இருக்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகின்றன, கடையில் மீதிச் சில்லறை வாங்குகின்றன. அதில் ஒரு கையைக் கூப்பிட்டுக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தை அறையாக்கி, எங்கள் விடியற்காலையை விளக்காக்கி, அதைத் தலைகீழாகவும் கட்டிவிட்டு, வெட்டத் தெரிந்தவளைப் பார்த்துத் தெரியாதா என்று கேட்கிறார்கள். இதில் நானும் அந்த விளக்கை நம்பினேன். அதுதான் இன்னும் சுடுகிறது.

திரும்பும் வழியில் காரில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒருவேளை அவன் சொன்னதுதான் சரியோ என்னவோ. எனக்குத்தான் பக்கம் மாறிப்போச்சோ."

"உனக்கு ஒன்னும் மாறலடி," என்றாள் கடைக்காரி.

"நீங்க ரெண்டு பேரும் என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க."

என் வார்த்தை அவளுக்குச் சாட்சியாகாது. நான் வெட்டியவள் இல்லையே.

மறுநாள் ஞாயிறு. முதல் வேலையாக, காப்பிகூடப் போடாமல், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் பழைய தோட்டத்துக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் செம்பனைக்குத் தப்பிய மூன்று ரப்பர் மரங்கள் நிற்கின்றன. ஏழேகாலுக்கு வெளிச்சம் வந்தது. முதல் மரத்தின் பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. எல்லாம் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே.

அவள் வலது கை விரலை ஒரு தழும்பில் வைத்து, கடைசிவரை இழுத்தாள். அடுத்த மரத்துக்குப் போய் அங்கேயும் இழுத்தாள். மூன்றாவதிலும்.

"என்னைக் கேட்டானே, ரப்பர் மரம் பாத்ததில்லையான்னு," என்றாள். "கார எடு. அந்தக் கூடத்த எத்தன மணிக்குத் தொறப்பான்?"

பத்து மணிக்கு என்றேன். மூன்று மரங்களையும் மரத்துக்கு ஒன்றாக, தழும்பு தெரியும்படி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.