போகவிட்ட பஸ்

மைசூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஷெர்லி தமிழ் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. படிக்கத்தான் வராது, படித்ததெல்லாம் கன்னடப் பள்ளியில். வத்ஸலா வீட்டு மாடியில் மாதாமாதம் கூடும் கவிதைக் கூட்டத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. தலையாட்டியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் தலையில், இந்த மாதக் கவிதையைப் பற்றிப் பேசும் பொறுப்பை வத்ஸலா கட்டிவிட்டாள். குட்டு வெளிப்பட்டால் மானம் போய்விடுமே என்று ஷெர்லிக்குப் பயம்.

கணவர் கிளைவுக்குத் தமிழ் படிக்க வரும். கவிதையைக் கன்னட எழுத்தில் மாற்றி அவள் போனுக்கு அனுப்பிவைத்தார்: "பஸ் வரவில்லை மழை வந்தது குடை இருந்தது நீ இருந்தாய் பஸ் வந்தது போகவிட்டோம்."

கூட்டத்தில் ஷெர்லி வெளுத்து வாங்கினாள். மூச்சு விடாமல் ஓடுகிற கவிதையாம். பஸ்ஸைக் கோட்டைவிட்ட எரிச்சல்தான் அதில் தெரிகிறதாம்.

"மூச்சு விடாமலா? வரிக்கு ரெண்டு வார்த்தைதானே இருக்கு?" என்று வத்ஸலா தன் தாளை நீட்டினாள்.

ஷெர்லிக்கு எழுத்து புரியவில்லை, வடிவம் புரிந்தது. குட்டிக் குட்டி வரிகள். கடைசி வார்த்தைக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். இனி மழுப்பி என்ன பயன்?

"எனக்குத் தமிழ் படிக்க வராதுங்க. வீட்டுக்காரர் கன்னடத்துல எழுதித் தந்தாரு. எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டிட்டாரு, மகராசன்."

மாடியே சிரித்தது. வத்ஸலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளில் வரி முடியும் இடத்தைப் பார்த்து நிறுத்திச் சொல்லச் சொன்னாள். ஷெர்லி வரிக்கு வரி நின்று சொன்னாள். 'பஸ் வந்தது' என்றதும், அந்த வெற்றிடத்தில் நிறுத்திவிட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இப்ப பஸ் நிக்குது," என்றாள் மெதுவாக. "கண்டக்டர் பாக்குறாரு. இவங்க ஏறல... போகவிட்டோம். எரிச்சலா? சந்தோஷங்க இது!"

கைதட்டல் கீழே காத்திருந்த கிளைவுக்கும் கேட்டது. தூறலில் குடை பிடித்து நடந்தபடியே, ஏன் வரிகளை ஒட்டினீங்க என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"சும்மா எடம் வேஸ்ட்டாகுதேன்னுதான்," என்றார்.

நிறுத்தத்தில் போய் நின்றதும் அவர்கள் பஸ் வந்தது. கிளைவ் ஒரு காலைப் படியில் வைத்தார். ஷெர்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பஸ் போய்விட்டது.

"என்னாச்சு ஷெர்லி?"

"அந்த எடம் வேஸ்ட் இல்ல," என்று சொல்லிவிட்டு, குடைக்குள் இன்னும் நெருங்கி நின்றாள்.