'க்வாஸ்' பத்திரிகையை நான் மூட விடாத கதை

ஸாக்ரெப் நகரத்தில் ட்ரெஷ்ன்யெவ்கா சந்தைப் பக்கம் வந்து யெல்கா பொசாவெட்ஸ் என்று என் பெயரைக் கேட்டுப் பாருங்கள், தெரியாதவர் இருக்க மாட்டார். படித்தது நாலாம் வகுப்பு. நெசவாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவ வந்தவள் நான். ஆலையை விற்றுத் தின்றவர்கள் போன பிறகு, அதே அண்டாக்களை வாங்கிச் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போட்டேன். என் பீன்ஸ் குழம்புக்கு மந்திரியின் டிரைவரும் வரிசையில் நிற்பான். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் குழம்பு இல்லை. சாகக் கிடந்த ஒரு பத்திரிகையைப் பிழைக்க வைத்தேன்.

அதன் பெயர் 'க்வாஸ்'. மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு எங்கள் பக்கத்துப் பழைய பெயர். இடதுசாரிப் பத்திரிகை. பேராசிரியர், மொழிபெயர்ப்பாளர், வேலை போன நாடகக்காரர் என்று ஒரு கூட்டம் அதை நடத்தியது. வியாழன் தோறும் என் கடைப் பின்னறையில் கூடி, ஆளுக்கொரு காப்பியை வைத்துக்கொண்டு மாலை முழுக்கச் சண்டை போடுவார்கள். தலைவர் என்று யாரும் கிடையாது. மேசையில் உட்கார்ந்த எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் 'முடியாது' என்றால் போச்சு. அட்டைக்குச் சிவப்பா கறுப்பா என்று அவர்கள் முடிவெடுப்பதற்குள் நான் ஒரு பன்றித்தொடையை வேக வைத்து இறக்கிவிடுவேன்.

ஒரு வசந்தத்தில், எங்கள் ஆலையை யார் யார் விழுங்கினார்கள் என்று ஓர் இதழ் போட்டார்கள். அட்டையில் நீல மேலங்கி போட்ட எங்கள் பெண்கள். தறியில் நின்ற என் சிநேகிதி பாரிட்சா நடுவில். விழுங்கியவர்களில் ஒருவனுக்குத்தான் ஊரில் பாதிப் பத்திரிகைக் கடைகள் சொந்தம். இதழ்க் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான். மற்ற கடைக்காரர்களும் பயந்து அப்படியே செய்தார்கள். என் பின்னறையில் கூரை முட்ட இதழ்கள். இது விற்காவிட்டால் அச்சகத்தான் அடுத்ததைத் தொட மாட்டான்.

அந்த வியாழன் யாரும் சண்டை போடவில்லை. கடற்கரைக்காரன் ஃப்ரானே, ஆசிரியர்களில் வாய் ஓயாதவன், தொண்டையைச் செருமினான்.

"மூடிடலாம். கௌரவமா மூடிடலாம்."

"கடைசி அறிக்கைய நான் எழுதறேன்," என்றாள் தத்துவப் பேராசிரியை ல்யெர்க்கா.

"சுருக்கமா எழுது. சாவு வீட்டுல அவ்வளவு நேரம் எவனும் நிக்க மாட்டான்," என்றான் ஃப்ரானே.

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நான் காப்பித் தட்டை டொக்கென்று வைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அத்தனை வருஷத்தில் அந்த மேசையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"முடியாது."

"என்ன முடியாது, யெல்கா அத்தை?" என்றான் ஃப்ரானே.

"மூட முடியாது. மேசையில உக்காந்தவங்க எல்லாரும் ஒத்துக்கணும்கிறது உங்க சட்டம்தானே? நான் உக்காந்துட்டேன். ஒத்துக்கல."

"அத்தை, நீங்க ஆசிரியர் குழுவுல இல்லையே!"

"அப்ப உங்க குழுவ நடுத்தெருவுல கூட்டிக்க. இந்த மேசை என்னுது, நாற்காலியும் என்னுது."

ல்யெர்க்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஃப்ரானே, மாட்டிக்கிட்டோம். நம்ம விதிப்படி அவங்க சொல்றது செல்லும்."

"சரி, மூடல. இத்தனையையும் யாரு விப்பா, நீங்களா?"

"குழம்பு வித்தவளுக்குக் காகிதம் ஒரு பாரமாடா?"

சனிக்கிழமை காலையில் எங்கள் ஊரே நகர மையத்தில் காப்பிக்கு உட்காரும். ஒரு கோப்பை மத்தியானம் வரை தாங்கும். அது தீராமல் எவரும் எழுந்திருக்க மாட்டார். ஓட முடியாத வாடிக்கை! பத்திரிகைக் கடை அந்த ஆலை விழுங்கியவனுடையதாக இருக்கட்டும், காப்பி மேசையுமா அவனுடையது? ஆலைப் பெண்கள் அத்தனை பேரையும் நீல அங்கியோடு வரச் சொன்னேன்.

"இடுப்புல ஏற மாட்டேங்குதுடி," என்று பாரிட்சா முனகினாள்.

"பொத்தானத் தொறந்து விடு. உன்னப் பொண்ணு பாக்கவா வராங்க?"

அட்டையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவள் மேசை மேசையாகப் போனாள். "பாருங்க, நான்தான் இது. இப்ப இன்னும் அழகு."

கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பினார். "நான் அரசியல் படிக்கிறதில்ல."

"சரி சார், உங்க சட்டை எங்க ஆலைத் துணியா?" என்றாள் பாரிட்சா.

"இத்தாலிச் சட்டைம்மா இது!"

"அதான் முதுகுல தையல் விட்டிருக்கு."

பக்கத்து மேசைகள் வெடித்துச் சிரித்தன. அவரும் சிரித்துவிட்டு ஒன்று வாங்கினார். அதுவரை சும்மா நின்ற பத்திரிகைக் கூட்டமும் எங்களோடு விற்பனையில் ஒட்டிக்கொண்டது. ஃப்ரானே வெட்கத்தை விட்டான். ல்யெர்க்கா மீன்காரி மாதிரிக் கூவினாள், நல்ல தொண்டை. தினமும் உச்சிப்பொழுதைச் சொல்லும் கோட்டைப் பீரங்கி வெடித்தபோது எங்களிடம் கட்டுக் கயிறுகள்தான் மிச்சம்.

அடுத்த வியாழன் அச்சகத்தானே போன் போட்டான், இன்னும் அச்சடிக்கட்டுமா என்று. மேசையில் எல்லாக் கைகளும் மேலே போயின. எல்லாக் கண்களும் என் மேல். நான் நிதானமாகச் சர்க்கரையைக் கலக்கினேன்.

"என்ன அத்தை, யோசனை?"

"இருங்கடா. காப்பி ஆறல."

ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கையைத் தூக்கினேன். அவர்கள் போட்ட கூச்சலில் சமையலறையில் மூடி ஒன்று விழுந்தது.

'க்வாஸ்' இன்றும் வருகிறது. ஆசிரியர் குழுவில் என் பெயரும் அச்சாகிறது, ஆனால் நடுவில் போடுகிறார்கள். முதலில் போடச் சொல்கிறேன். ஃப்ரானே மட்டும் வியாழன் தோறும் 'முடியாது' என்கிறான்.