போர்வைக்குள் நொச்சி

நேற்று ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புப் படிக்கட்டில் நொச்சி ஆவி மணத்தது. யார் வீட்டிலோ சளி. எனக்கு அம்மாவின் பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது தாம்பரத்தில் இருந்தோம். மறுநாள் அம்மாவுக்கு ஆசிரியர் தேர்வு. மூன்றாவது முறையாக எழுதப்போகிறாள். மூக்கடைப்பும் தலைபாரமுமாகக் கிடந்தாள்.

"அடுத்த வருஷம் எழுதிக்கோயேன்," என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். பால் ஊற்றும் செல்வி அக்காவோடு பக்கத்திலிருந்த பச்சைமலை ஏறி, பாறையிடுக்கில் புதராக நின்ற நொச்சியை ஒடித்து வந்தாள்.

"ஆவி புட்ச்சிட்டு, மீதி எலைய தலகாணில வெச்சிக்கோ. தலபாரம் பூடும்," என்றார் அக்கா.

கொதிக்கும் பானையோடு போர்வைக்குள் புகுந்த அம்மா, என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். எட்டு வயதில் எழுத்துக்கூட்டிக் கேட்டேன். பதில்கள் போர்வைக்குள்ளிருந்து வந்தன. நடுவே வியர்த்த முகத்தை வெளியே நீட்டினாள்.

"போதும்மா," என்றேன்.

"மூச்சு வருது. அடுத்த கேள்வி கேளுடி."

அந்த முறை தேறிவிட்டாள். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவர் அப்பாதான்.

நேற்று படியில் நின்றபடியே அம்மாவுக்கு போன் செய்தேன். "அன்னைக்கு நொச்சிதானேம்மா உன்னைப் பாஸ் பண்ண வெச்சுது?"

"நொச்சி மூக்கைத்தான்டி திறந்துச்சு," என்றாள். "பாஸ் பண்ணது நான்."