வராத படிவத்துக்குப் பூஜ்யம்

எங்கள் சுகாதார அலுவலகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். புள்ளிவிவரம் அவள் வேலை. எதையும் லேசில் நம்பாதது அவள் குணம். டீ நன்றாக இருக்கிறது என்றால்கூட, "எத்தன பேர் குடிச்சுப் பாத்தீங்க?" என்பாள். பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்யும் எனக்குப் பல நாள் எரிச்சலாக வரும்.

அன்று மூன்று மணிக்குக் கூட்டம். நோய்களைக் கண்காணிக்கும் எங்கள் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்கு இரண்டு பட்டியல்களை எடுத்தாள். ஆஸ்பத்திரிகள் வாராவாரம் அனுப்பிய படிவங்களில் நாற்பது பேர். ரத்தப் பரிசோதனைக்கூடம் தந்ததில் முப்பது பேர். இரண்டிலும் இருந்தவர்கள் பன்னிரண்டே பேர்.

"பரிசோதனைக்கூடத்தோட முப்பதுல பன்னெண்டுதான் நமக்குச் சிக்கியிருக்கு. அந்த விகிதப்படி பாத்தா, நம்ம நாப்பதும் அஞ்சுல ரெண்டு பங்குதான், மொத்தம் நூறு பேராவது இருப்பாங்கடி. நாப்பத்திரெண்டு பேர் ரெண்டு பட்டியல்லயும் இல்ல."

பரிசோதனைக்கூடப் பட்டியலில் இருந்தும் எங்களிடம் சிக்காத பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் ஒரே தெரு. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியோ ஆறு வாரமாகப் பூஜ்யம் காட்டியது. போன் செய்தாள். நர்ஸ் பிரசவ விடுப்பில் போய் ஆறு வாரமாகிறது. படிவத்தை யாரும் அனுப்பவே இல்லை.

அவள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். நாலு வருடத்துக்கு முன், அட்டவணையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதென்று அதிகாரி கத்தினார். அன்றிலிருந்து வராத படிவத்துக்கெல்லாம் பூஜ்யம் போடச் சொன்னவள் அவள், போட்டு வருபவள் நான்.

"அக்கா, கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடுவோம். அடுத்த மாசம் உங்க ப்ரமோஷன் வேற இருக்கு."

"கோளாறுன்னா மெக்கானிக்கத்தான் கூப்பிடுவாங்க. அந்தத் தெருவுல இப்பவும் அதே தண்ணியத்தான் குடிச்சிட்டிருக்காங்க."

கூட்டத்தில் அதிகாரி, "நூறு சதவீதம் படிவம் வந்திருக்கே, பிரமாதம்" என்று ஆரம்பித்தார். அவள் எழுந்து, முதலில் அந்தத் தெருக் குழாயை மூடச் சொன்னாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். என் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அதிகாரி போனில் ஆளைப் பிடித்து, குழாயை மூடி லாரித் தண்ணீர் அனுப்பச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"சரிம்மா. மத்த பூஜ்யமெல்லாம்?"

"பழைய படிவங்கள வருஷாவருஷம் எரிச்சிடுறோம் சார். எது நோயில்லாத பூஜ்யம், எது நான் போடச் சொன்னதுன்னு இனிமே பிரிக்க முடியாது. நாலு வருஷமா நோய் குறைஞ்சிருக்குன்னு மேல எழுதி அனுப்பினோமே, அது நிஜமாவே குறைஞ்சுதான்னு எனக்குத் தெரியல."