இட்லிப்பூச் செடிக்கு வந்த பறவை

பிஜித் தீவின் சபேட்டோவில் கரும்புக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இலைமேல் புழுவைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஜான்கியும் அப்படித்தான். ஜன்னலோரத்து இட்லிப்பூச் செடியில் பச்சைப் புழுக்களைப் பொறுக்கிக் கெரசின் டப்பாவில் போடுவாள். மாரியம்மனுக்குச் சாத்த அந்தச் சிவப்புப் பூதான்.

அவள் புருஷன் சதேந்திராவுக்கு அந்த ஜன்னல்தான் உலகம். இரண்டாயிரத்தில், தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டைப் பிடித்துவைத்திருந்தபோது, இங்கே மாட்டை ஓட்டிப்போக வந்தவர்களை மறித்து நின்றான். இடுப்பை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷமே ஒரே மகன் பிரனில் கனடாவுக்குக் கிளம்பினான். சீக்கிரம் திரும்பி வருவதாகச் சொன்னான். கிளம்புகிறவன் வேறு என்னத்தைச் சொல்வான்?

பிறகு ஒரு போட்டோ அனுப்பினான். அவன் வீட்டுத் தோட்டத்தில் கட்டைவிரல் அளவுப் பறவை ஒன்று, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிறது. குளிர் வந்தால் தெற்கே பறந்துபோய்விடும், அப்புறம் திரும்பி வரும் என்று போனில் சொன்னான்.

சதேந்திரா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் இட்லிப்பூவில் றெக்கை தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டு நிற்கும் பறவைக்கும் அதே அளவு, அதே நீள அலகு.

"பாத்தியா ஜான்கி, நம்ம பையன் ஊட்லேருந்து வருது. இத்தினிக்காண்டு இருந்துகிட்டு சமுத்திரத்தத் தாண்டுது. அவன் வராம இருப்பானா?"

ஜான்கியும் நம்பினாள். பறவைக்குப் பூ குறையக்கூடாதென்று இன்னும் மும்முரமாகப் புழு பொறுக்கினாள்.

அடுத்த மழைக்குச் செடி கொள்ளாமல் பூத்தது. பறவை வரவில்லை. சதேந்திரா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அதுவும் போயிடிச்சி. அவன் வரமாட்டான்."

கஞ்சிக்கும் வாய் திறக்கவில்லை. இப்படியே செத்துப்போவான் என்று ஜான்கிக்குத் தெரிந்தது, பயந்தாள்.

ஒரு காலையில் செடியடியில் சருகு கூட்டும்போது, அவள் கைக்குத் தப்பிய புழுக்கூடு ஒன்று பிளந்து, கசங்கிய றெக்கையோடு ஏதோ தண்டில் ஏறியது. விளக்குமாற்றோடு குந்திப் பார்த்தாள். றெக்கை மெல்ல விரிந்து காய்ந்தது. தலையில் இரண்டு மீசை. அலகென்று நினைத்தது சுருட்டி வைத்த குழல். பறவையில்லை, அந்துப்பூச்சி. கூட்டைப் பார்த்தால் புழு எதுவென்று கரும்புக்காரிக்குத் தெரியாதா? கனடாவும் இல்லை, சமுத்திரமும் இல்லை. இங்கேயே பிறந்தது, அவள் டப்பாவிலேயே செத்தது.

சாயங்காலம் அது பூவுக்கு வந்து நின்றது.

"வந்திடிச்சி ஜான்கி," என்றான் சதேந்திரா.

"ஆமாங்க, வந்திடிச்சி," என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டான்.

அதன்பின் டப்பாவை அவள் தொடவில்லை. புழுக்கள் செடியைப் பாதி மொட்டையடித்தன. மிஞ்சிய பூவைப் பூச்சிக்கு விட்டுவிட்டு, அம்மனுக்கு அடுத்த பண்ணை பிஜேந்திரா வீட்டில் கேட்டு வாங்கினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

சதேந்திரா இன்னும் சில வருஷம் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்து, ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில் போய்ச் சேர்ந்தான். கடைசிவரை மகன் வருவான் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பிரனில் போனில் அழுதான். குடியுரிமை கைக்கு வரவில்லையாம், இப்போது வெளியே வந்தால் உள்ளே விடமாட்டார்களாம். கொள்ளி வைத்தது பிஜேந்திரா.

மறுநாள் சாயங்காலமும் அது வந்து பூவுக்கு முன்னால் நின்றது. ஜான்கி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவில் கெரசின் ஊற்றி எடுத்துவந்து, இலை இலையாகப் புரட்டினாள். ஒரு புழுவைக்கூட விடவில்லை.